கப்பலேறிய தவலை

என் மாமியார் தைலம்மாள் என்னிடம் பேசிய முதல் பேச்சே வசவுதான். ரங்கூன் ஆற்றின் நடுவில், ஆடுகிற சம்பான் படகில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, அண்ணாந்து கப்பலைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏடி, அங்க நிக்கிறவளுகள்ல எவடி என் மவன் பொண்டாட்டி? கம்பியில சாயாதடி கூறுகெட்டவளே! வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு சாயிறா பாரு!"

அதற்கு முன் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அவள் மகன் சபாபதி நாகப்பட்டினத்துக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு, அரிசி ஆலை வேலைக்குத் திரும்பிப் போய், பிறகு என்னை வரச் சொல்லி அனுப்பியிருந்தார். கல்யாணத்துக்கு அத்தை வரவில்லை. கடையைச் சாத்த முடியாது என்று சொல்லிவிட்டாள். மகன் கல்யாணத்தைவிடச் சோற்றுக்கடை பெரிதா என்று எங்கள் ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அப்போது கோபம்தான்.

அந்தக் கடை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அலோன் துறைக்கு எதிரே, அரிசிக் கிடங்குகளுக்கும் ரயில் பாதைக்கும் இடையில் ஒரு தகரக் கூரை. அவ்வளவுதான் கடை. அத்தையின் புருஷன் அந்தத் துறையில் மூட்டை தூக்கினவர். ஒரு நாள் பாரம் தூக்குகிற கயிறு அறுந்து மூட்டைகள் அவர் மேல் விழுந்தன. செத்தவரைத் தூக்கிப் போட்ட கையோடு, அதே இடத்தில் அடுத்த மூட்டையை இறக்கினார்களாம். "ஒரு மணி நேரம் நிறுத்தலடி. ஒரு மணி நேரம்!" என்று அவள் சாகும்வரை சொல்லுவாள். ஒருவரும் அவளை வந்து என்னவென்று கேட்கவில்லை. அழுது முடித்ததும், தாய் வீட்டிலிருந்து தன்னோடு கப்பலேறி வந்த செப்பு அண்டாவையும் பித்தளைத் தவலையையும் எடுத்துக்கொண்டு போய்த் துறைக்கு எதிரே அடுப்பு மூட்டினாள். அண்டாவில் சோறு, தவலையில் குழம்பு. புருஷனோடு மூட்டை தூக்கினவர்களே முதலில் வந்து உட்கார்ந்தார்கள். கடை என்றால் அந்த இரண்டு பாத்திரம்தான். மீதியெல்லாம் தகரமும் புகையும்.

இனி கப்பலைச் சொல்கிறேன். 

கீழ்த்தட்டில் எங்களை அடைத்திருந்தார்கள். பாய் விரித்த இடம்தான் வீடு. பின்பக்கம் இரும்புக் கூண்டு போல ஒரு சமையலிடம், அதில் இந்துக்களுக்கு ஓர் அடுப்பு, முஸ்லிம்களுக்கு ஓர் அடுப்பு. சாப்பாட்டுக் குத்தகை பழனியப்பன் என்பவருக்கு. சரிகைக் கரை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக இருப்பார். அவருடைய ஆட்கள் பெட்டி மேல் ஏறி நின்று, நீட்டுகிற தட்டில் சோற்றை விட்டெறிவார்கள். பாதி தட்டில் விழும், பாதி தரையில் விழும். தரையில் விழுந்தது உன் பங்கில் சேர்த்தி. மேல்தட்டில் மணி அடித்துச் சாப்பாடு. கரண்டிச் சத்தமும் நெய் வாசனையும் இறங்கி வரும். அவர்கள் கடித்துப்போட்ட எலும்பைப் பணியாட்கள் கடலில் கொட்டுவார்கள். காற்று எதிர்த்து அடித்தால் அது எங்கள் தலையில் வந்து விழும். என் பாய்க்குப் பக்கத்தில் நாகூர் சுல்தான் பீவி படுத்திருந்தார்கள், ரங்கூனில் இருக்கிற புருஷன் கடைக்குப் போகிறவர்கள். எல்லோருக்கும் அவர்கள் லாத்தா, அக்கா மாதிரி. ஒரு தடவை தலையில் விழுந்த எலும்பை எடுத்துப் பார்த்துவிட்டு, "கறிய அவன் தின்னுட்டான், எலும்புக்கு நம்மள அழைச்சிருக்கான் புள்ளே" என்றார்கள்.

ஆற்றுக்குள் வந்து, தூரத்தில் பயா என்கிற பெரிய புத்தர் கோயிலின் பொன் கோபுரம் தெரிந்ததும் எல்லோரும் மூட்டை கட்டினோம். அப்போதுதான் வேலூர்ப் பக்கத்து மனிதர் ஒருவருக்கு அம்மை போட்டிருப்பது தெரிந்தது. கப்பலை நடு ஆற்றில் நிறுத்தி மஞ்சள் கொடி கட்டினார்கள். துறைமுகத்து லாஞ்சிப் படகு வந்தது, டாக்டர் வந்தார். அம்மை கண்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மேல்தட்டுக்காரர்கள் காலைச் சாப்பாட்டை முடித்து, கையில் ஊசி குத்திக்கொண்டு, பெட்டியோடு இறங்கிப் போனார்கள். அவர்களோடு பழனியப்பனும் இறங்கினார், அவருடைய ஆட்கள் மட்டும் சாமானுக்குக் காவலாகக் கப்பலில் இருந்தார்கள். கீழ்த்தட்டு மட்டும் கப்பலிலேயே கிடக்க வேண்டுமாம். எத்தனை நாள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

எங்களுக்கு அடுப்பு எரியவில்லை. கூண்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. ஆண்கள் ஓடிப் போய், ஏணியில் இறங்கிக்கொண்டிருந்த பழனியப்பனைக் கேட்டார்கள்.

"ஐயா, சோறு?"

"டிக்கெட்டு எதுவரைக்கும்?"

"ரங்கூன் வரைக்கும்."

"இது என்ன ஊரு? ரங்கூன் வந்தாச்சு, சோறும் முடிஞ்சாச்சு."

இப்படித்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே. கூண்டுக்குள் அரிசி மூட்டை அடுக்கியிருந்தது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அது அடுத்த பயணத்து அரிசியாம்.

அன்று பகல் முழுவதும் பட்டினி. ஆற்றோட்டத்தில் எங்களுக்குச் சற்று மேலே இன்னொரு கப்பல் நங்கூரம் போட்டிருந்தது. வெள்ளைக் கப்பல். உலகத்தைச் சுற்றிப் பார்க்கிற பணக்கார வெள்ளைக்காரர்கள் வந்ததாம். பகலிலேயே வாத்தியம் வாசித்தார்கள். தட்டில் விதவிதமாக வைத்து அவர்கள் தின்றுகொண்டே இருந்தார்கள். பொய் சொல்லவில்லை, நாங்கள் பார்த்த நேரமெல்லாம் தின்றார்கள். மிச்சத்தைக் கொட்டினால் நீரோட்டம் அதை எங்கள் பக்கம்தான் கொண்டு வரும். ரொட்டி, ஆரஞ்சுத் தோல், காலே பிய்க்காத ஒரு முழுக்கோழி. எங்கள் கப்பலின் வயிற்றை உரசிக்கொண்டு அந்தக் கோழி மெதுவாக மிதந்து போனது. எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தோம்.

கரையில் இந்தப் பேச்சு அத்தையின் கடைக்கும் போயிருக்கிறது. கப்பலில் ஏதோ காய்ச்சல், கீழ்த்தட்டு ஆட்களை விடவில்லை, சோறும் இல்லை என்று மூட்டைக்காரர்கள் சொன்னார்கள். மறுநாள் காலையில் துறை ஆட்களுக்கு ஆக்கின மீன்குழம்பைச் சோற்றில் கொட்டித் தவலை நிறையப் பிசைந்து, அமீர் அலி என்ற சிட்டகாங் சம்பான்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்போதுதான் அந்த முதல் வசவு.

நான் கையை உயர்த்தினேன். "நான்தான் அத்தே, ரத்தினம்."

"நீதானா? எலும்பா நிக்கிறே. கயித்தப் போடச் சொல்லுடி!"

கப்பல் வேலையாள், ஒரு கலாசி, இரக்கப்பட்டுக் கயிறு இறக்கினான். தவலை மேலே வந்தது. மூடியைத் திறந்ததும் மீன்குழம்பு வாசனை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தட்டில் வாங்கிவிட்டேன். வாய்க்குக் கொண்டு போகும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்தா கப்பல்ல இருக்காம்மா. தாளிச்ச குழம்பு, மீனு… தொடலாமா?"

அவ்வளவுதான். அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டோம், மீன் கறி சேர்க்க மாட்டோம். இந்தக் கப்பல்தான் இப்போது எங்கள் வீடு. ஒவ்வொருவராகத் தட்டைக் கீழே வைத்தார்கள். நானும் வைத்தேன். லாத்தாவும் அவர்கள் ஆட்களும்தான் அந்தத் தவலைச் சோற்றைச் சாப்பிட்டார்கள்.

கீழே இருந்து அத்தை பார்த்துவிட்டாள். "ஏண்டி வச்சிட்டே? என் குழம்பு நாறுதா?"

"அம்மை போட்டிருக்கு அத்தே! தாளிப்பு ஆகாது!"

சம்பானில் அவள் அப்படியே நின்றாள். சட்டென்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "ஆத்தா, தெரியாம செஞ்சுட்டேன்!" என்றாள். கையை எடுத்த அடுத்த நொடியே எங்களைப் பார்த்துத் திரும்பினாள். "காய்ச்சல்னுதானேடா சொன்னானுவ! அம்மைன்னு ஒருத்தன் வாயத் திறந்து சொன்னா என்ன கொள்ளை? பசியில சாகக் கிடந்துகிட்டு மொறைய மட்டும் விடாதீங்கடா! சரி, விடாதீங்க. நாளைக்குத் தாளிக்காம கொண்டாறேன். தவலைய எறக்கு!"

தவலை இறங்கவில்லை. லாஞ்சி வந்து நடுவில் நின்றது. அதில் இருந்த துறைமுகச் சேவகர் சின்னத்தம்பி, தமிழர், கத்தினார்: "தைலம்மா, மேல ஏறுன சாமான் எதுவும் கீழ எறங்கக் கூடாது. நோய்ச் சட்டம்."

"என் தவலைக்கு என்னடா நோவு?"

"நான் என்னம்மா செய்வேன்? டாக்டர் உத்தரவு."

"மேல்தட்டுக்காரன் பெட்டி எறங்குச்சே, அதுக்கு நோவு இல்லியா? நேத்து என் கடையில தின்ன வாயிலயாடா இன்னிக்குச் சட்டம் பேசுறே?"

சின்னத்தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாஞ்சியில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். தவலை எங்களோடு கப்பலில் தங்கிவிட்டது.

கரைக்குத் திரும்புகிற வழியில், வெள்ளைக் கப்பலுக்குக் கோழிக் கூடையும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு ஒரு படகு போயிருக்கிறது. அதில் பீர் முகைதீன், லாத்தாவின் புருஷன்; அவருக்குச் சொல்லிவிடச் சொல்லி லாத்தா கம்பியிலிருந்து அத்தையிடம் கூவியிருந்தார்கள். அவரும் அத்தை கடைக்குப் பழக்கம்தான். அத்தை சம்பானை அவர் படகுக்குக் குறுக்கே விடச் சொன்னாள். அமீர் அலி பயந்துகொண்டே விட்டார்.

"பாய்! உங்க பொண்டாட்டி அந்தக் கப்பல்ல பட்டினி கிடக்குது. நீங்க வெள்ளைக்காரனுக்குக் கோழி கொண்டு போறீங்களா?"

"அந்தக் கப்பல்லயா? யா அல்லா! அடுத்த கப்பல்னுல்ல சொன்னாங்க!"

"அடுத்த கப்பலும் இல்ல, அந்தக் கப்பலும் இல்ல. பட்டினிக் கப்பல்! கோழிய அப்புறம் குடுங்க. அரிசி அனுப்புங்க."

அரிசி மூட்டை அன்றைக்கே கடைக்கு வந்தது. ஆனால் எதில் ஏற்றிக்கொண்டு போவது? அத்தையிடம் மிச்சம் இருந்தது அண்டா ஒன்றுதான். அது ஏறினால் இறங்காது என்று அவளுக்குத் தெரியும். அது இல்லாவிட்டால் கடை இல்லை என்பதும் தெரியும். தெரிந்தேதான் கொண்டு வந்தாள். மறுநாள் அண்டா நிறையக் குழைந்த சோறு, தாளிக்காத பருப்பு, வேகவைத்த பூசணிக்காய், கழுத்தில் வேப்பிலைக் கொத்து. கயிற்றில் ஏறும்போது அண்டா ஒரு தடவை கப்பல் மேல் இடித்து 'ணங்' என்றது. அத்தை கண்ணை மூடிக்கொண்டதை மேலே இருந்து பார்த்தேன்.

அன்று எல்லோரும் சாப்பிட்டோம். உப்பும் குறைவு, உறைப்பும் இல்லை, ஆனாலும் அந்தச் சோற்றுக்கு ஈடு பிறகு நான் தின்றதே இல்லை. அத்தை சாப்பிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே சம்பானில் நின்றாள். என்னைப் பார்த்து, "இன்னும் போட்டுக்கடி, ரெண்டு உசுருக்கும் சேத்து" என்றாள். அதையும் திட்டுகிற குரலில்தான் சொன்னாள்.

அந்த மத்தியானம் அலோன் துறையில் மூட்டைக்காரர்கள் வந்து பார்த்தால் அடுப்பில் ஒன்றும் இல்லை. அத்தை வெறும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "வேற கடைக்குப் போங்கய்யா. என் கடை கப்பலேறிப் போயிடுச்சு" என்றாளாம். அவர்கள் அவலை வாயில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார்களாம், ஒருவரும் போகவில்லையாம். இதைப் பிறகு அவர்களே எனக்குச் சொன்னது.

இனி நாளைக்கு எதில் கொண்டு போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் சட்டிப்படகு வந்தது. த்வாண்டே ஊரில் சுட்ட மண்பானைகளை ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியாக வருகிற படகுகள் அந்தத் துறையில்தான் கட்டும். பானைக்காரி டோ மியா பர்மியப் பெண்பிள்ளை, அத்தைக்குச் சிநேகிதி. படகைப் பார்த்ததும் அத்தை எழுந்து ஓடினாளாம்.

மறுநாள் சம்பானில் பானைகள் வந்தன, சின்னதும் பெரியதுமாக, வாயை வாழையிலையால் கட்டி. இந்துக்களுக்கு வேறு, முஸ்லிம்களுக்கு வேறு. அந்தப் பானைகளுக்குக் கப்பல் கயிறு தேவைப்படவில்லை. ஆண்கள் வேட்டிகளை முடிந்து இறக்கி, ஒவ்வொன்றாக இழுத்தார்கள்.

லாஞ்சியில் சின்னத்தம்பி எழுந்து நின்றார்.

அத்தை கேட்டாள்: "ஏண்டா சின்னத்தம்பி, சாப்பிட்டு முடிச்சு பானைய ஆத்துல போட்டா அது எறங்குனதா கணக்கா?"

அவர் போலீஸ்காரரைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். "அது… ஆத்துல போனா ஆத்தோட போச்சு."

"அப்படிச் சொல்லு. நம்மூருல அம்மை வீட்டுச் சட்டிய என்ன பண்ணுவோம்? ஒடைச்சுத்தானே போடுவோம். சட்டமும் சரியாப் போச்சு, மொறையும் சரியாப் போச்சு."

அதற்குப் பிறகு கப்பலை விடுகிறவரை தினமும் பானை வந்தது. சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கம்பியோரம் வந்து பானைகளைக் கம்பியில் அடித்து உடைத்துத் தண்ணீரில் போடுவோம். அந்தச் சத்தத்தில் எங்களுக்கு ஒரு திருப்தி இருந்தது. லாத்தா ஒவ்வொரு பானையைப் போடும்போதும், "இது பழனியப்பன் மண்டை" என்பார்கள். வெள்ளைக் கப்பல்காரர்கள் தூரக் கண்ணாடி வைத்து எங்களைப் பார்த்தார்கள். ஏதோ கறுப்பு ஆட்களின் திருவிழா என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு வழியாக மஞ்சள் கொடியை அவிழ்த்தார்கள். கப்பலை அலோன் துறையில் கட்டினார்கள். ஊசி குத்திக்கொண்டு, மரப்பாலத்தில் இறங்கினேன். கீழே அத்தை நின்றாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தாண்டி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்டா எங்கடி?"

"கூண்டுக்குள்ள பூட்டி வச்சுட்டாங்க அத்தே. பழனியப்பன் ஆளுங்க அவங்களுக்கு ஆக்குறதுக்கு எடுத்துக்கிட்டாங்க. தவலையும்தான்."

பழனியப்பனும் அப்போது கப்பலில்தான் இருந்தார். புதுச் சாமான் கணக்குப் பார்க்க வந்திருந்தார். அத்தை கீழே நின்றே கூப்பிட்டாள். அவர் கம்பியில் கையூன்றி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா?"

"என் பாத்திரத்தக் குடு."

"கப்பல்ல ஏறுன பாத்திரம் கப்பலோடது. நானா உன்ன ஏத்தச் சொன்னேன்?"

இதைச் சொல்லும்போதும் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் தப்பாகப் போயிற்று. பாலத்தின் இரண்டு பக்கமும் மூட்டை இறக்கக் காத்திருந்த ஆட்கள் எல்லாம் அத்தை கையால் தின்றவர்கள், அவளுக்காக வெறும் அவல் தின்றவர்கள். தமிழர்களும் தெலுங்கர்களுமாக நின்றார்கள். முன்னால் நின்ற தெலுங்கு ஆள் தலைத்துண்டை அவிழ்த்துத் தரையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். "அண்டா ராகபோதே மூட்ட ராது" என்றார். அண்டா வராவிட்டால் மூட்டை இறங்காது. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

கங்காணி கத்தினார். கெட்ட வார்த்தை சொன்னார். ஒருவரும் எழவில்லை. வெயில் ஏறியது. கப்பலின் வெள்ளைக்கார அதிகாரி வந்து, என்ன விஷயம் என்று கேட்டார். சோற்றுப் பாத்திரம் என்றதும் அவருக்கு விளங்கவில்லை. விளங்கினதும் பழனியப்பனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கத்தினார். நல்ல வார்த்தையாக இருக்காது.

பழனியப்பன் ஆளை விட்டு அண்டாவைக் கொண்டுவரச் சொன்னார். கீழே உட்கார்ந்திருந்தவர்கள், "ஆளு வேணாம்! அவரே தூக்கிட்டு வரட்டும்!" என்றார்கள்.

வந்தார். சரிகை வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அண்டாவைத் தலைகீழாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். கழுத்து வரை அண்டா. வழி தெரியாமல் மரப்பாலத்தைக் காலால் தடவித் தடவி இறங்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் அதிசயம். அத்தை அண்டாவை இரண்டு கையாலும் எடுத்தாள். உள்ளே இருந்து அவர் முகம் கரியாக வெளியே வந்தது.

"தவலை?"

தவலையைத் தண்ணீர் வைக்காமல் அடுப்பில் விட்டிருக்கிறார்கள். அடி பொத்துப் போயிருந்தது. ஆள் ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஓட்டை வழியே ஆறு தெரிந்தது. அத்தை அதை வாங்கி ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். அவள் அம்மா கொடுத்தது. அவள் பேசாமல் நின்றதை என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். பிறகு மூட்டைக்காரர்கள் பக்கம் திரும்பி, "எழுந்திருங்கய்யா. வேலை முடிச்சுட்டு வாங்க. சோறு இருக்கும்" என்றாள். அப்புறம்தான் என் கையைப் பிடித்தாள். "நடடி."

கடைக்குப் போனதும் அண்டாவைப் புளியும் ஆற்று மண்ணும் போட்டுத் தேய்த்தாள். என்னைத் தொடவிடவில்லை. கழுவிக் கவிழ்த்து, மஞ்சள் பூசி, அடுப்பில் ஏற்றினாள். பக்கத்துச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டாள். இத்தனை நாளுக்குப் பிறகு அந்தப் படபடப்பைக் கேட்டதும் என் வயிற்றில் பிள்ளை புரண்டது. "இப்ப திங்கலாம், ஆத்தா எறங்கிட்டா" என்று சொல்லி, இலையில் முதல் கரண்டியை எனக்குப் போட்டாள். சாயங்காலம் என் புருஷன், இத்தனை நாளும் லீவு கொடுக்காத ஆலையிலிருந்து ஓடி வந்து, வாசலில் நின்று அழுதார். "அழுகையை அப்புறம் வச்சுக்க, மொதல்ல தண்ணி எடுத்தா" என்று அவரை விரட்டினாள்.

அந்த ஓட்டைத் தவலையைக் கடை வாசலில், துறையைப் பார்த்த மாதிரி, கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். பழனியப்பன் துறைக்கு வருகிற வழி அதுதான். சில நாள் தலையைக் குனிந்துகொண்டு போனார். பிறகு ரயில் பாதையைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் ஒவ்வொரு தடவை வரும்போதும் அதைப் பார்த்து மனசு கேட்காமல், "நல்ல பித்தளைம்மா. கொடுங்க, ஓட்டையை அடைச்சுத் தந்துர்றேன்" என்பார்.

"வேணாம்யா" என்பாள் அத்தை. "அடைச்சுட்டா அவன் மறந்துடுவான்."